முனை தேய்ந்த ஷூ

மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய ஷூவின் அடியில் ஓட்டையைப் பார்த்ததும் ஹேமலதாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சோல் ஒட்டுகிறவள் அவள். புருஷன் செல்வகுமாரோ நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிறவன். அவன் ஷூ எப்படி இப்படித் தேயும்?

ஒரு மாதமாக வீட்டுக்கும் லேட்டாகத்தான் வருகிறான். பக்கத்து வீட்டு இன்பராஜும் இப்படித்தான், வேலை போனதை மறைத்துத் தெருத்தெருவாக அலைந்தான்.

"இன்னாங்க, சோலு இப்பிடித் தேஞ்சிருக்குது?"

"நடந்தா தேயாதா? ஒட்டிக் குடு" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது. மண்ணைத் துடைத்து உப்புத்தாள் போட உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். இரண்டு ஷூவிலும் முனை மட்டும்தான் தேய்ந்திருந்தது. குதிகால் புத்தம் புதுசு. நடந்து அலைந்திருந்தால் முதலில் குதிகால் அல்லவா போயிருக்கும்?

"நடந்து தேஞ்சது இல்ல இது. உண்மையைச் சொல்லுங்க."

செல்வகுமார் நெளிந்தான். "தோஸ்த்துகிட்ட ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கிறேன், ஆபீஸ் விட்டதும். மாசமா இருக்கிற நீ வண்டி ஓட்ட, நான் எத்தினி நாளைக்குப் பின்னால உக்காந்து வர்றது?"

ஹேமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரப்பர் துண்டுக்குப் பசை தடவி, சிரித்துக்கொண்டே அழுத்தி ஒட்டினாள்.

"இந்தாங்க. இனிமே வண்டிய நிறுத்தக் காலைத் தேய்க்காதீங்க. பிரேக்கு கையில இருக்குது."