அப்பாவின் கைக்கு

"ஆசிட்டா? ஏட்டி, கை வெந்துராதா?" பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பேருதான் ஆசிட்டு அத்தை. ஸ்டியரிக் ஆசிட்டும்பாவ. எண்ணெய்க் கொழுப்புல இருந்து எடுக்கறது. இதப் போட்டாத்தான் கிரீம் கெட்டியா நிக்கும்."

அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே சோப்பும் கிரீமும் செய்து விற்கிறவள். மெழுகுபோன்ற வெள்ளைச் சில்லுகளைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, சோடா உப்பு கரைத்த வெந்நீரை ஊற்றி அடித்தாள். நுரைத்துப் பொங்கியது, ஆற ஆற இறுகியது.

அப்பா சமுத்திரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் கொத்தனார் வேலை. சிமெண்டு அரித்து உள்ளங்கை வெடித்திருந்தது, விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன.

அம்மாவின் சாவுக்கு வந்துபோன மகள், நான்கு வருடம் கழித்து எட்டு நாளைக்கு முன்புதான் செட்டியார்பட்டியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்து அழுதாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் கிரீம்தான்.

"குடுத்து வச்சவக அண்ணே நீங்க. எம்மவன் போன்லகூட என்னன்னு கேக்க மாட்டேங்கான்" என்றாள் சண்முகத்தாய்.

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போகச் சொல்லு. நாஞ்சொன்னா கேக்க மாட்டா" என்றார் சமுத்திரம்.

"இருக்கேம்ப்பா" என்றாள் அனுசியா, தலை நிமிராமல். அவருடைய இடது கைப் பெருவிரல் நுனியில் கிரீமை வைத்து வட்டமாகத் தேய்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"உள்ளங்கைதான வெடிச்சுக் கெடக்கு. அங்க போடேன்."

"அங்க பொறவு போடுவோம் அத்தை. அப்பாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருது. நாளைக்கு ராஜபாளையத்துல டாக்டர்ட்ட காட்டணும்."

"நல்லாரு தாயி." கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்முகத்தாய் போனாள்.

சமுத்திரம் எதிர்ச் சுவரையே பார்த்தார். அவரே கட்டி, அவரே பூசிய சுவர். பிறகு பெருவிரலை மகள் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"நல்லாத் தேயி தாயி. நாளைக்குப் பத்திர ஆபீஸ் மிஷின்ல ரேகை விழலன்னா, வீட்ட எழுதி வாங்க இன்னும் எட்டு நாளு நீ எனக்கு மகளா இருக்கணும்."