பழைய பக்கம்

பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிப் போயாயிற்று. கட்டிலில் மிஞ்சிய ஒற்றைக் காலுறையின் மேல் ஜன்னல் வெயில் கிடக்கிறது. “நீங்க எழுதினபடிதான் டாக்டர், மருந்து அஞ்சு மில்லி குடுத்தேன்” என்று தகப்பன் செல்போனை நீட்டுகிறான். திரையில் குழந்தை மருத்துவரான அவளுடைய வலைப்பூ. கைதவறி ஐந்து என்று விழுந்ததை அரை என்று அவள் போன வாரமே திருத்திவிட்டாள். இதோ, அவளுடைய கணினியில் அரை மில்லி என்றுதான் இருக்கிறது. அவன் கையில் ஐந்து. வலைப்பூவைப் பராமரிக்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டுக் கேட்கிறாள். “சட்டுனு திறக்கட்டும்னு பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஊர் ஊரா சர்வர்ல வச்சிருக்கேன்க்கா. லாகின் பண்ணிப் பாக்கற உனக்கு மட்டும்தான் புதுசு தெரியும். மத்தவங்களுக்கெல்லாம் பழைய நகல்தான் போகும். அதை அழிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா.” “எத்தனை பேருடா பாத்திருப்பாங்க?” அவன் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறது. காலுறையைக் கையில் சுருட்டிக்கொண்ட தகப்பன், ஏதோ மாறிவிடும் என்பதுபோல, அந்தப் பக்கத்தை மறுபடி தொடுகிறான். விரலை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது, ஐந்து மில்லி.