பத்து லட்சத்து ஒன்பது

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க சார்" என்றார் டாக்டர், என் தம்பியிடம்.

நான் குறுக்கிட்டேன்.

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்ககிட்டக் கேளுங்க. இவன் கணக்குப் பேராசிரியர். பத்து லட்சத்து ஒன்பது பகா எண்ணான்னு கேளுங்க."

எங்கள் குடும்பத்தில் எவரும் எவர் முன்னாலும் விரல்விட்டு எண்ணிக் காட்டியதில்லை.

நடத்திய பாடத்தையே மறுநாளும் நடத்தினான் என்று கல்லூரியில் புகார். 'நலம்' என்று இந்த டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவன் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் வீடுதான். பிறகு ஊர் வாயை யார் மூடுவது?

டாக்டர் சிரித்தார். "சரி, அதையே சொல்லுங்க சார்."

தம்பி கண்ணாடியைக் கழற்றினான்.

"இல்லை. ஆயிரத்தோட வர்க்கத்தையும் மூணோட வர்க்கத்தையும் கூட்டினா அந்த எண். தொள்ளாயிரத்து எழுபத்திரண்டோட வர்க்கத்தையும் இருநூத்தி முப்பத்தஞ்சோட வர்க்கத்தையும் கூட்டினாலும் அதே எண். பகா எண்ணா இருந்தா இப்படிப் பிரிக்க ஒரு வழிக்கு மேல கிடையாது. இதுக்கு ரெண்டு வழி."

ஒரு சொல் பிசகவில்லை. எப்படி என்பதுபோல் டாக்டரைப் பார்த்தேன்.

"அப்போ எதால வகுபடும்?"

"இருநூத்தித் தொண்ணூத்தி மூணு."

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.

அது இருநூற்று முப்பத்தொன்பது. ஒரு வாரமாகச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கணக்கென்றாலே காத தூரம் ஓடிய நான், அவனுடைய பழைய மாணவியிடம் தொலைபேசியில் கேட்டு, இந்த வயதில் மனப்பாடம் செய்தது.

டாக்டர் கைபேசியில் வகுத்துப் பார்த்தார்.

"மீதியே இல்லை. சரியாத்தான் இருக்கு."

தம்பி என் காதோரம் குனிந்தான். "நீ ஒரு வாரமா தப்பாவே சொல்லிக்கிட்டிருந்தே அண்ணா. பெரியவன் மனசு நோகுமேன்னு தலையாட்டினேன்."

தப்பு என்னுடையது என்பதில் எனக்கு இவ்வளவு பெருமை என்றைக்கும் இருந்ததில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். தம்பி எழுந்து வணக்கம் சொன்னான். விறுவிறுவென்று நடந்து, வந்த வாசலை விட்டுவிட்டு, மூலையிலிருந்த கழிவறைக்குள் போய் நின்றான்.

பேனா நின்றது.

"கை கழுவிட்டுத்தான் கிளம்புவோம் டாக்டர். எங்க வீட்டு வழக்கம்" என்றேன் உரக்க. அவசரப்படாமல் நடந்து போய், உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன்.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, நம்ம வண்டி எங்கே?"

"வரும்டா."

குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். வெளியே முத்திரை குத்தும் சத்தம் கேட்கும்வரை மூடவில்லை.