மந்த வாயு

வேதியியல் ஆசிரியை சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். சாய்ந்த வெயில் சிவப்புப் பேனாவின் மூடியில் மின்னுகிறது. கூடத்தில் அவள் கணவன், அவளுடைய அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கத் தேதி குறித்துவிட்டதாகத் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். “அண்ணிகிட்ட கேட்டியா அண்ணா?” “அவகிட்ட என்னத்த கேக்கிறது? மந்தம். என்ன சொன்னாலும் உறைக்காது.” குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பேனாவும் நிற்கவில்லை. மந்த வாயுக்கள் ஏன் வினைபுரிவதில்லை என்பது கேள்வி. அவை மந்தமாக இருப்பதால் என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. முட்டை போடுகிறாள். பக்கத்தில், ‘இது மற்றவர்கள் வைத்த பெயர், காரணம் அல்ல’ என்று தாள் கிழியும்படி அழுத்தி எழுதுகிறாள். உள்ளறையில் அம்மாவின் இருமல் எழுந்து, யாரோ அதட்டியதுபோல அடங்குகிறது. “பேச்சு மூச்சக் காணோம், பாத்தியா?” என்று தங்கையிடம் சிரித்துவிட்டு, “ஏய், ரெண்டு டீ போடு” என்கிறான் கணவன். அவள் அடுத்த தாளைப் புரட்டுகிறாள். வெளிக்கூடு எலக்ட்ரான்களால் நிறைந்துவிட்டது, இனி யாரிடமும் வாங்கவோ கொடுக்கவோ ஒன்றுமில்லை என்று இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. “டீ போடச் சொன்னேனே.” அவள் முழு மதிப்பெண் போடுகிறாள்.