வாய் திறக்காத மாப்பிள்ளை

வந்து உட்கார்ந்ததிலிருந்து சபரீஷ் வாய் திறக்கவில்லை. பெண் வீட்டாருக்கு அதுவே பாதி சம்மதமாகப் பட்டது. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை, அதியன்னூரில் சொந்த வீடு, இத்தனை இருந்தும் பையன் தலையைக் குனிந்து இருக்கிறானே என்று பெண்ணின் அப்பா நெல்லையப்பன் மனைவியிடம் கண்ணால் சொன்னார்.

“பயலுக்குப் பேச்சு குறைவு. நான் ஒண்ணு சொன்னா மறுத்து ஒரு வாக்கு வராது” என்றாள் பையனின் தாய் பகவதியம்மாள். மகனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாறசாலைப் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் முந்திரிக்கொத்து வேண்டும். சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரிக்கிற பலகாரம். ருசிதான், ஆனால் நாள் ஆக ஆகக் கல்லாகிவிடும்.

அந்தத் தட்டோடு அஜிதா வந்தாள். உள்ளே வைத்து அவளுடைய தாய் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாள். “சிரிச்சுக் கிரிச்சு வைக்காதே மக்கா. வாயைப் பூட்டிட்டு நில்லு.”

சபரீஷ் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அதை மெல்லச் சாயாவுக்குள் நழுவவிட்டான். சாயா தெறித்து சட்டையில் விழுந்தது.

அஜிதா பார்த்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த வாயில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் கம்பி பளிச்சென்று தெரிந்தது.

பகவதியம்மாளின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஜாதகத்தோடு வந்த போட்டோவில் இது இல்லையே என்று கேட்டாள்.

நெல்லையப்பன் எல்லாம் சொன்னார். கம்பி போட்டது போன ஓணம் கழிந்து. பாலராமபுரத்துத் துணிக்கடையில் நின்று சம்பாதித்த காசில் பிள்ளையே போட்டுக்கொண்டது. அழகுக்கு மட்டும் இல்லை, கீழ்ப்பல் மேல் ஈறைக் குத்திப் புண்ணாக்குகிறது, இப்படியே விட்டால் பல் ஆடிப்போகும் என்று டாக்டர் சொன்னது. இன்னும் ஒரு வருஷம் கம்பி கிடக்க வேண்டும் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

சித்திரையில் கல்யாணம், அதற்குள் கம்பி போயாக வேண்டும் என்றாள் பகவதியம்மாள். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்களாம். கல்யாண ஆல்பம் காலத்துக்கும் கிடக்குமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்க குடும்பத்தில எல்லாருக்கும் முத்து கோத்த பல்லாக்கும். நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளையளுக்கு இந்தக் கோணல் வந்தா ஆரு பொறுப்பு?”

நெல்லையப்பன் தரையைப் பார்த்தார். இதற்கு முன்னால் வந்த சம்பந்தங்களும் பல்லைப் பார்த்துத்தான் திரும்பிப் போயின. இதையும் விட்டால் இன்னொன்று எப்போது வருமோ. அஜிதாவின் தாய் மகளின் தோளைத் தொட்டு, இப்போது எடுத்துவிட்டுக் கல்யாணம் கழிந்து மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்று காதில் சொன்னாள்.

அஜிதா தட்டைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் ‘தேங்காய்த் துருவி’ என்று பெயர். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்கூட கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறாள். கம்பி போட்ட பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

“கழத்த மாட்டேன் மாமி” என்றாள். “வாயைப் பொத்திட்டு நான் நடந்தது போதும். எனக்க பிள்ளையளுக்குக் கோணல் வந்தா அதுகளுக்கும் கம்பி போடுவேன். வாயைப் பூட்டிட்டு நில்லுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

அவளுடைய தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பெண்ணு பாக்க வந்த அன்னைக்கே இந்த வாயா? இவளைக் கெட்டிக் கொண்டுபோனா பின்னே நானாக்கும் வாயைப் பொத்தணும்.” பகவதியம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நெல்லையப்பன் ஓடிவந்து தடுப்பார் என்று ஒரு நிமிஷம் நின்றும் பார்த்தாள்.

அவர் எழுந்தார். எழுந்து போய், பாதி சாத்திக் கிடந்த வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

“பிள்ளை சொன்னதுதான் எனக்கும்” என்றார்.

பகவதியம்மாள் படி இறங்கி முற்றத்தில் நின்ற கார் வரை போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் மகனைக் காணவில்லை. அவன் நாற்காலியிலேயே இருந்தான்.

“எலே, வா. நமக்கு இது செரிப்படாது.”

சபரீஷ் ஊறின முந்திரிக்கொத்தை நிதானமாக விழுங்கிவிட்டு கிளாஸைக் கீழே வைத்தான். அஜிதாவின் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தான். அவன் பேசப்போகிறான் என்று தெரிந்ததும் பகவதியம்மாள் வேண்டாம் என்று அங்கிருந்தே வேகமாகத் தலையாட்டினாள்.

அவன் பேசினான். நாக்கு எதிலோ இடறினதுபோல் சொற்கள் குழறி வந்தன.

“அப்போ, ஆரும் காணாம எனக்க பல்லுக்கு உள்பக்கம் போட்ட கம்பியையும் கழத்தணுமா அம்மா?”