புழு இல்லை

கொட்டாம்பட்டியைத் தாண்டி, காட்டுக்குள் தனித்து நிற்கும் ஓட்டு வீடு. டெங்குக் கொசுப்புழு பார்க்க வரும் தமிழ்வாணி கொல்லையில் குனிந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், அந்த வீட்டில் தனியாக இருக்கும் தங்கப்பொண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். புழு கண்ட வீட்டுக்கு வாராவாரம் வருவார்கள். காணாத வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான். வாராவாரம் வரட்டுமென்றே தங்கப்பொண்ணு வேலியோரம் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். இந்த வாரத்து வெயில் அதைக் குடித்துவிட்டது. அடியில் பச்சைக் கறை மட்டும் காய்ந்து கிடக்கிறது.

"ஒண்ணுமே இல்ல அத்தே! எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீக!"

"நல்லாப் பாத்தியா தாயி? அந்த ஆட்டுத்தொட்டிய?"

"அதுவும் பாத்தாச்சு. இனி அடுத்த மாசந்தான் வாரேன்."

கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில், வருஷம் முழுக்கத் தன் கையெழுத்து மட்டுமே இறங்கி வரும் வரிசைக்குக் கீழே, தமிழ்வாணி 'புழு இல்லை' என்று எழுதுகிறாள். ஸ்கூட்டிச் சத்தம் புளியமரத் திருப்பத்தில் தேய்ந்து அடங்குகிறது. அடுப்படியில் இரண்டு டம்ளர் டீ ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. இரண்டையும் தங்கப்பொண்ணே குடிக்கிறாள். பிறகு கொட்டாங்கச்சியை எடுத்து, வெயில் எட்டாத சுவரோர நிழலில் வைத்து, செம்புத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுகிறாள்.