இடுப்பளவுத் தண்ணீர்

கொல்லையில் தகரச் சுவர் எழுப்பி, நீல விரிப்பு விரித்து நிறுத்திய நீச்சல் குளத்தில் தண்ணீர் தினமும் குறைந்துகொண்டே வந்தது. "உன் மெட்டிதான் விரிப்பைக் கிழிச்சிருக்கு. அதைக் கழட்டாம உள்ள இறங்காதே" என்று மனைவி சௌந்தரியிடம் போன மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டார் கனகசபை. கல்யாணத்தன்று அவள் காலை அம்மிமேல் தூக்கி வைத்து அவரே போட்டுவிட்ட மெட்டி அது. சௌந்தரி கழற்றவில்லை, இறங்கவும் இல்லை. ஆனால் முக்காலியில் ஏறி நின்று சருகு அள்ளுவதும், குளோரின் போடுவதும் அவள் வேலையாகவே இருந்தன. அவரோ மாலையானால் சுவரில் சாய்ந்து சுகமாகத் தண்ணீரில் நிற்பார்.

இன்று, "நீ போட்ட ஓட்டையை நீயே தேடு" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெட்டியோடே இறங்கினாள். ஆரத்திக்குக் கரைப்பதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, விரிப்பை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஓட்டை இருக்கும் இடம் சிவப்பை இழுக்கும். தரையில் எங்கும் இழுக்கவில்லை. அவர் தினமும் சாயும் பக்கம், இடுப்பு உயரத்தில், சிவப்பு நூலாகி உள்ளே போனது.

"என் கால் இவ்ளோ உயரம் வருமாங்க? உங்க அரைஞாண்ல தொங்குற தாயத்தைக் கேளுங்க!"

"சரி சரி, சீக்கிரம் ஒட்டும்மா" என்று வெளியிலிருந்தபடி பசையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

"யாரு கிழிச்சதுன்னு உங்க வாயால சொல்லுங்க. ஒட்டுறேன்."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். சௌந்தரி விரலை எடுத்தாள். தகரத்தின் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் அவர் காலடியை நனைக்கத் தொடங்கியது.